உள்ளகப் பயிற்சி நேர்காணல்: எவரும் நடத்தாத பாடம்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டப்படிப்புக் கட்டமைப்பு, இன்டர்ன்ஷிப் எனப்படும் உள்ளகப் பயிற்சியைக் கிரெடிட் பெறும் பாடமாக்கியது. 2024ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டம், முன்னணி 500 நிறுவனங்களில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு இத்தகைய பயிற்சி என அறிவித்தது. வாயில்கள் பெருகுகின்றன. ஆனால் வாயிலில் நடக்கும் நேர்காணலுக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது எவர் பொறுப்பு என்பது இன்னும் கேள்வியாகவே நிற்கிறது.

நேர்காணலின் போக்கு மறைபொருள் அன்று. பெரும்பாலும் முதலில் இணையவழித் திறனறித் தேர்வு. சில நிறுவனங்களில் குழு விவாதம். பிறகு துறைசார் நேர்காணல். இறுதியில் மனிதவளப் பிரிவினருடன் உரையாடல். புகழ்பெற்ற கல்வி நிறுவனத்து மாணவருக்கு இவையனைத்தும் விடுதி அறையில், மூத்த மாணவர் வாயிலாகவே தெரிந்துவிடுகின்றன. மாவட்டக் கல்லூரியில் பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரியோ, நேர்காணல் நாளன்றுதான் இவற்றை முதன்முறையாகக் காண்கிறார். இருவருக்கும் இடையிலான இந்த இடைவெளியைத் தகுதி வேறுபாடு என்று அழைப்பது அநீதி.

கல்லூரி வாய்மொழித் தேர்வின் பழக்கமும் இங்கு இடர் தருகிறது. அங்கே சரியான விடைக்கு மதிப்பெண். தயக்கம் குறையாகக் கருதப்படும். துறைசார் நேர்காணலிலோ விடையைப் போலவே விடையை அடையும் வழியும் கவனிக்கப்படுகிறது. கணக்கொன்றைத் தந்தால், எண்ணுவதை உரக்கச் சொல்லியபடி தீர்ப்பவர், முழு விடையை எட்டாவிட்டாலும் மதிக்கப்படக்கூடும். தன்விவரக் குறிப்பில் எழுதிய ஒவ்வொரு வரியும் கேள்வியாகத் திரும்பும்: செயல்திட்டத்தில் உங்கள் பங்கு எது? இந்த முறையை ஏன் தேர்ந்தீர்கள்? எங்கே தவறியது? பிறர் செய்ததைத் தமதென எழுதியவர் இரண்டாம் கேள்வியிலேயே தடுமாறுவார். அறியாததை 'அறியேன், ஆனால் இவ்வாறு தொடங்குவேன்' என்பவர் தடுமாறுவதில்லை.

இறுதியில் 'எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?' என்ற வினா எழும். கேள்வி கேட்பதைப் பணிவின்மையாகக் கருதும் வகுப்பறையில் வளர்ந்தவர் அங்கே மௌனமாகிறார். அந்த மௌனம் ஆர்வமின்மையாகக் கொள்ளப்படுகிறது. உதவித்தொகை எவ்வளவு, வழிகாட்டுபவர் யார், பயிற்சி எத்தனை வாரம், முடிவில் பணிவாய்ப்பு உண்டா என்பவை கேட்கத் தக்கவை மட்டுமல்ல, கேட்டே ஆக வேண்டியவை. பயிற்சி தருவதற்கு மாணவரிடமே கட்டணம் கேட்கும் நிறுவனத்தைக் கண்டு விலகும் துணிவும் இத்தகைய கேள்விகளால்தான் வரும்.

நிறுவனங்களுக்கு ஆள் தயாரிப்பது பல்கலைக்கழகத்தின் வேலையா என்ற மறுப்பு எழலாம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் பயிற்சிக்குக் கிரெடிட் வழங்கும் கல்விநிலையம், அதன் வாயிலைக் கடக்கும் வழியை மட்டும் மாணவரின் தற்செயல் தொடர்புகளுக்கு விட்டுவிடுவது முறையன்று. மேலும், தன் சிந்தனையைத் தெளிவாகச் சொல்வதும், அறியாமையை ஒப்புவதும், எதிரிலிருப்பவரை வினவுவதும் ஆய்வுக்கே உரிய பண்புகள். அவற்றைக் கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் பழைய கடமைதான்.

இதற்குப் பெருஞ்செலவு ஏதும் தேவையில்லை. நேர்காணலுக்குச் சென்று வந்தோர் சந்தித்த வினாக்களைத் துறைதோறும் தொகுத்து நூலகத்தில் வைக்கலாம். பருவத்திற்கு இருமுறை ஆசிரியர்களே மாதிரி நேர்காணல் நடத்தி, ஒவ்வொரு மாணவருக்கும் பத்து நிமிடம் கருத்துரை வழங்கலாம். விடுதி அறையின் செவிவழிச் செய்தியாக இருக்கும் அறிவு வகுப்பறைக்கு வந்தால்தான் நேர்காணல் தகுதியை அளக்கத் தொடங்கும்.