கைபேசிச் செயலியும் கடல் மீனவரும்

வளர்ந்துவரும் நாடுகளின் முன்னேற்றத்திற்குக் கைபேசிச் செயலிகள் பெருந்துணை புரியவல்லன என்பதில் ஐயமில்லை. ஆயினும், செய்தி சென்று சேராத இடத்தில் செயலியினால் யாதொரு பயனும் விளையாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி, கேரளக் கரைகளிலிருந்து பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கட்கு எச்சரிக்கை எட்டவில்லை, பலர் உயிரிழந்தனர். கரையிலிருந்து சுமார் 10 முதல் 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசித் தொடர்பு கிடைப்பதில்லை என்பதே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து அமைத்த 'ஜெமினி' என்னும் கருவி 2019 அக்டோபரில் வெளியிடப்பெற்றது. புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் பகுதிகளின் விவரத்தையும் இக்கருவி 'ககன்' அமைப்பின் செயற்கைக்கோள் வழியே பெற்றுக் கைபேசிக்கு அளிக்கிறது. செயலி அவற்றை மீனவரின் மொழியில் காட்டுகிறது. ஆனால், ஆபத்தில் சிக்கிய படகு கரைக்குச் செய்தி அனுப்ப இதனால் இயலாது. பின்னர் இஸ்ரோ உருவாக்கிய கருவி இருவழிச் செய்திக்கும் இடமளிக்கிறது.

எனவே, செயலியை அமைப்பது பணியின் ஒரு பகுதியே ஆகும். செய்தியை ஏந்திச் செல்லும் கருவி சிறு படகு உடையவர்க்கும் எளிதிற் கிடைத்தல் வேண்டும். செயலியின் வெற்றியை, அதனைப் பதிவிறக்கியோரின் தொகையைக் கொண்டு கணிப்பது பொருந்தாது. எச்சரிக்கை பெற்று உரிய காலத்தில் கரை திரும்பிய படகுகளைக் கொண்டு கணிப்பதே முறையாகும்.