கேக் சரியாக வராததற்குக் கப்தான் காரணம்

யூடியூப் பார்த்து வீட்டிலேயே கேக் செய்யக் கிளம்புகிறவர்களில் பலருக்கு முதல் தடவை வருவது கேக் இல்லை; களி. இல்லாவிட்டால் செங்கல். இரண்டும் ஒரே ரெசிப்பியிலிருந்து வரும் என்பதுதான் வேடிக்கை. அரைக் கிலோ வெண்ணெயும் ஒரு டஜன் முட்டையும் போன சோகத்தில், "எனக்குக் கைராசி இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பாவம், தப்பு கையில் இல்லை. கப்பில்!

"மைதா 2 கப்" என்று ரெசிப்பி சொல்கிறது. எந்தக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி, நம்ம வீட்டுக் கப் என்பது காபி டம்ளர். சரி, ஒரே கப் என்றே வைத்துக்கொள்வோம். மைதாவை ஸ்பூனால் மெதுவாகப் போட்டு நிரப்பினால் 120 கிராம் பக்கம் நிற்கும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். 2 கப்புக்கு 60 கிராம் வித்தியாசம். சாம்பார் கெட்டியானால் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். அவனுக்குள் போன கேக்கை என்ன செய்வது?

"அம்மா கண்ணளவில்தானே செய்கிறார்?" என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான தடவை ரசம் வைத்த கண் அது, தராசுக்குச் சமம். வருஷத்துக்கு ஒரு தடவை கேக் செய்கிறவருக்கு அந்தக் கண் எப்படி வரும்?

இந்தக் கப் அளவை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஃபேனி ஃபார்மர். 1896-ல் வந்த தன் புத்தகத்தில் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்கச் சொன்னார். கைப்பிடி, எலுமிச்சை அளவு என்றிருந்த காலத்தில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் அதற்கும் முன்னால், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே பவுண்ட் கேக் இருந்தது. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாம் ஒவ்வொரு பவுண்ட். பெயரே ரெசிப்பி! 3 முட்டையை உடைத்து எடை போட்டு 140 கிராம் வந்தால், மற்ற மூன்றும் தலா 140. பேலன்ஸ் ஷீட் மாதிரிதான். மாவும் முட்டையும் கேக்கைத் தாங்கி நிற்கும்; சர்க்கரையும் வெண்ணெயும் இளக்கும். ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் அடி வாங்கும்.

எடைக்கு அடுத்தது வெப்பம். "வெண்ணெய் ரூம் டெம்பரேச்சரில் இருக்கட்டும்" என்று எழுதிய வெளிநாட்டுக்காரரின் ரூம் 20 டிகிரி. சென்னையில் மே மாத ரூம் 35 டிகிரி. சர்க்கரையோடு வெண்ணெயை அடிப்பதே அதற்குள் காற்றுக் குமிழ்களைச் சேர்க்கத்தான். பேக்கிங் பவுடர் புதுக் குமிழ்களை உண்டாக்குவதில்லை, ஏற்கனவே இருக்கும் குமிழ்களைப் பெரிதாக்குகிறது. உருகி வழிகிற வெண்ணெயில் காற்று எங்கே நிற்கும்? விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. நம்மூரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பதம் வந்துவிடும்.

ஆகவே, கேக்கை வெட்டுகிற குளோசப்பைக் காட்டிவிட்டுக் கிராமையும் டின் அளவையும் சொல்லாத ரெசிப்பியைத் தயங்காமல் தாண்டிப் போகலாம். டின் சின்ன விஷயம் இல்லை. 8 இன்ச்சுக்குப் பதில் 9 இன்ச் டின் எடுத்தால் பரப்பளவு கால் பங்குக்கு மேல் கூடும், கேக் தட்டையாகிக் காய்ந்துபோகும். "35 நிமிடம்" என்று மட்டும் சொல்லாமல், குச்சி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும் என்றும் சொல்கிறவரை நம்பலாம்.

வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்க நினைக்கும் காமர்ஸ் கண்மணிகளுக்கு இன்னொரு விஷயம். கப்பில் அளப்பவரால் ஒரு கேக்கின் அடக்க விலையைச் சரியாகச் சொல்லவே முடியாது. வெண்ணெய் விற்கிற விலையில், லாபம் என்று நினைத்தது நஷ்டமாகவும் இருக்கலாம்.

கிச்சன் தராசு பல இடங்களில் ஒரு பர்த்டே கேக் விலைக்குள்ளேயே கிடைக்கிறது. வாங்கியதும் அந்த 3 முட்டை பவுண்ட் கேக்கையே மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்து, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். முதல் கேக் நடுவில் பள்ளம் விழுந்தாலும் பரவாயில்லை, அதைப் பாலில் ஊறப்போட்டுச் சாப்பிட எந்த ஹாஸ்டலிலும் ஆள் உண்டு :)