லைசென்ஸ் போனால் அடுப்பும் அணையும்

மயூர் விஹாரிலும் அதை ஒட்டிய திரிலோக்புரியிலும் வாழும் நம்மவரில் ஆட்டோ, டாக்சி ஓட்டுகிறவர்கள் உண்டு. மாதச் சம்பளத்துக்குக் கார் ஓட்டுகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு நிலமில்லை, கடையில்லை. சட்டைப்பையில் இருக்கும் லைசென்ஸ் ஒன்றே சொத்து. இரவில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டு வண்டியை எடுக்கும் தோழர் பணயம் வைப்பது அந்தச் சொத்தைத்தான்.

அபராதம் கட்டினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி குற்றம். 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து முதல் தடவைக்கு 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாயும் இரண்டாண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன. சாலையோரத்தில் ரசீது வாங்கிக்கொண்டு போகிற சலான் அல்ல இது. கோர்ட் படி ஏறியாக வேண்டும். நம் பகுதிக்குக் கர்க்கர்டூமா. சில்லா எல்லை தாண்டி நொய்டாவில் பிடிபட்டால் சூரஜ்பூர். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி.

அடுத்த அடி லைசென்ஸின் மீது. போலீஸ் அதை வாங்கிப் போக்குவரத்து அதிகாரிக்கு அனுப்பும்போது ஒரு சீட்டுத் தரும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. அதிகாரி முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தடை விதிக்கலாம்; அடுத்த குற்றத்துக்கு லைசென்ஸையே ரத்து செய்யலாம். கோர்ட் தண்டித்தாலோ தடை ஆறு மாதத்துக்குக் குறையாது. அதை மீறி ஓட்டினால் தனி வழக்கு. ஆறு மாதம் ஓடாத ஆட்டோவுக்கு பைனான்ஸ்காரன் தவணையை நிறுத்தி வைப்பானா?

இன்ஷூரன்சும் கைவிடும். 2007 டிசம்பர் 22 பின்னிரவில் இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவர் குடித்திருந்தார் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. ஊதிப் பார்த்த சோதனை எதுவும் இல்லாதபோதும், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. போர்ஷேக்காரருக்கு ஒரு கார் போயிற்று. கடனில் வண்டி வாங்கியவருக்கு?

குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. நடைபாதையில் படுத்திருப்பவரும் நம்மவரே. ஆனால் சட்டம் போலீசுக்கும் வரம்பு கட்டியிருக்கிறது. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சோதிக்க வேண்டும்; இல்லையேல் விட்டுவிட வேண்டும். லைசென்ஸைத் தடை செய்யுமுன் அதிகாரி நம் பேச்சைக் கேட்டாக வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முப்பது நாளுக்குள் அப்பீல் உண்டு. இதை அறியாமல் இந்தியில் வந்த நோட்டீசைப் பரணில் போட்டுவிட்டு, பிறகு புரோக்கரிடம் அபராதத்தைவிட அதிகம் அழுகிறோம்.

இன்னொன்று. கல்யாண விருந்தென்று நள்ளிரவு வரை டிரைவரைக் காக்க வைத்து, கையில் ஒரு கிளாசும் கொடுத்து, "ஒன்றும் ஆகாது, எடு வண்டியை" என்கிற எஜமானருக்கு என்ன? 188ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தூண்டியவருக்கும் அதே தண்டனை. பின்சீட்டில் இருந்த எந்தத் துரை மீதாவது இந்தப் பிரிவு பாய்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அரசாங்கங்களையும் கேட்க வேண்டும். ஊரில் 2003 முதல் டாஸ்மாக். இங்கே 2022 செப்டம்பரில் சில்லறைக் கடைகள் மீண்டும் அரசு நிறுவனங்களின் கைக்கு வந்தன. விற்பதும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு!

காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. 15100க்குப் போன் செய்யலாம். நோட்டீஸ் வந்தவர்கள் முப்பது நாள் கழியும் வரை காத்திராமல், காகிதங்களோடு சங்கத்துக்கு வாருங்கள். இந்தி படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள்.