கைக்கு எட்டியது, இயந்திரத்துக்கு எட்டவில்லை

ஜெர்மனியில் பெர்லினுக்குத் தென்கிழக்கே இருக்கும் ஸ்ப்ரீவால்ட் பகுதியில், கோடை வந்தால் வெள்ளரித் தோட்டங்களில் 'விமானங்கள்' இறங்குகின்றன. பெயர்தான் விமானம், பறப்பதில்லை. நடுவே ஒரு டிராக்டர், இருபுறமும் நீண்ட இறக்கைகள். இறக்கைகளின் மேல் வரிசையாகக் குப்புறப் படுத்திருப்பவர்களில் பலர் போலந்து, ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து வந்த கூலியாட்கள். டிராக்டர் ஆமை வேகத்தில் நகர, அவர்கள் கையைக் கீழே விட்டு, இலைகளை விலக்கி, காயைக் கிள்ளி பெல்ட்டில் போடுகிறார்கள். உயர்ரகக் கார்களுக்குப் பேர்போன நாட்டில் ஊறுகாய் வெள்ளரியைப் பறிப்பது இன்னமும் மனிதக் கைதான்.

இதற்கு இயந்திரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் அது வந்து 60 ஆண்டுகள் ஆகின்றன. அதன் கதை தொடங்குவது தொழில்நுட்பத்தில் அல்ல, கூலியில்.

ஊறுகாய் வெள்ளரிக்குப் பெயர் பெற்ற மிச்சிகன் மாநிலத்தில், பறிக்கும் வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ தொழிலாளர்கள். நம் ஊர் வாரம் போல அங்கும் ஒரு முறை இருந்தது: விற்ற பணத்தில் பறித்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. மெக்சிகோவிலிருந்து தற்காலிகமாக ஆட்களை அழைத்துக்கொள்ள 1942ல் செய்துகொள்ளப்பட்ட 'பிராசெரோ' ஏற்பாடு 1964 இறுதியில் முடிவுக்கு வந்தது. பறிக்க ஆள் கிடைக்காது என்ற பயம், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன்பே தொடங்கியிருந்த இயந்திர ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது.

ஆனால் வெள்ளரிக் கொடி ஒத்துழைக்கவில்லை. ஒரே கொடியில் ஒரே நேரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். கை என்ன செய்கிறது? இன்றைக்கு உரியதை எடுத்துக்கொண்டு நாளைக்கு உரியதை விட்டுவைக்கிறது. கொடியைச் சேதப்படுத்தாமல் பலமுறை பறிக்கும் இயந்திரத்துக்கு எடுத்த முயற்சிகள் பலன் தரவில்லை. கடைசியில் பொறியாளர்கள் அந்த ஆசையை விட்டார்கள். ஒரே தடவை வரும் இயந்திரம் போதும் என்று முடிவானது. அது கொடியை அடியோடு அறுத்து, மேலே தூக்கி, எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரோலர்களுக்கு இடையே இழுக்கும். கொடி நுழைந்து போய்விடும். காய் நுழைய முடியாமல் ஒடிந்து கீழே விழும். அறுவடையோடு கொடியின் ஆயுளும் முடிந்தது.

ஆக, இயந்திரம் வரும் ஒரே நாளில் எல்லாக் காய்களும் ஒன்றாகத் தயாராக இருந்தாக வேண்டும். அந்த வேலை செடி வளர்ப்பு விஞ்ஞானிகளிடம் வந்து சேர்ந்தது. சாதாரண வெள்ளரியில் ஆண் பூக்களே முதலில் வரும், அதிகமாகவும் வரும். கொரியாவிலிருந்து கிடைத்த ஒரு விதையில் பெண் பூக்களை மட்டுமே தரும் குணம் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் கிளின்டன் பீட்டர்சன் அதை வைத்து 1960களின் தொடக்கத்தில் வீரிய ஒட்டு ரகங்களை உருவாக்கினார். விதை எடுப்பதற்கு மட்டும் ஆண் பூ தேவைப்பட்டது. ஜிப்ரலின் என்ற ஊக்கியைத் தெளித்து அதையும் வரவழைத்தார்கள். வயலில் மகரந்தத்துக்காகப் பழைய ரக விதை கொஞ்சம் கலக்கப்பட்டது. ஏக்கருக்கு 50,000 செடிகளுக்கு மேல் நெருக்கி நட்டார்கள். செடிக்கு ஒன்றிரண்டு காய் கிடைத்தால் போதும் என்பது கணக்கு.

இயந்திரம் வெள்ளரிக்கு ஏற்ப மாறியதைவிட, வெள்ளரி இயந்திரத்துக்கு ஏற்ப மாறியதுதான் அதிகம். இன்று மிச்சிகனில் ஊறுகாய் வெள்ளரியின் பெரும்பகுதியை இயந்திரமே பறிக்கிறது. பாதிப் பங்குக்காரர்களின் இடம் சுருங்கிவிட்டது.

ஒன்று மட்டும் இயந்திரத்துக்குக் கைவரவில்லை: விரல் நீளப் பிஞ்சு. ஊறுகாய்ச் சந்தையில் காய் சிறுத்தால் விலை கூடும். பிஞ்சாக இருக்கும்போதே கொடியை அறுத்தால் எடை தேறாது. காத்திருந்தால் பிஞ்சு காயாகிவிடும். பிஞ்சு வேண்டுமென்றால் நாள் தவறாமல் கை வைத்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் இந்தியா நுழைந்தது. 1990களில் கர்நாடகத்தில் தொடங்கிய 'கெர்கின்' சாகுபடி பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. கம்பெனி விதையும் உரமும் கொடுத்து, விலையை முன்கூட்டியே பேசிக்கொள்ளும் ஒப்பந்த விவசாயம் இது. கிலோவுக்கு எத்தனை பிஞ்சு என்று எண்ணித் தரம் பிரிக்கிறார்கள். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் ஒரு தரம் இறங்கிவிடும்.

உலகில் மிக அதிகமாக கெர்கின் ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2022 ஜனவரியில் அறிவித்தது. அப்போது சொல்லப்பட்ட கணக்கு: சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள், 65,000 ஏக்கர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு முக்கால் ஏக்கர்கூட இல்லை. மிச்சிகன் இயந்திரம் திரும்புவதற்கே இந்த நிலம் போதாது. 90 நாள் பயிரில் ஏக்கருக்கு 80,000 ரூபாய் வரவு, அதில் நிகர வருமானம் 40,000 ரூபாய் என்றது அமைச்சகம். வீட்டார் தினமும் குனிந்து பறித்ததற்கான கூலியைக் கழித்த பிறகா, கழிக்காமலா என்று சொல்லவில்லை.

இயந்திரம் இதோடு ஓய்ந்துவிடவில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கனில் கண்ணாடிக் குடில் வெள்ளரியைப் பறிக்க ஒரு ரோபோவைச் செய்தார்கள். 2002ல் வெளியான முடிவுகளின்படி அது 80 சதவீதக் காய்களைத் தானே பறித்தது. ஒரு காய்க்கு ஆன நேரம் 45 விநாடி. 2018ல் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனம் ஸ்ப்ரீவால்ட் போன்ற தோட்டங்களுக்காக இரண்டு கை ரோபோ ஒன்றைச் சோதித்து வந்தது. அதற்கு வைத்த இலக்கு, தேர்ந்த ஆளின் வேகம்: நிமிடத்துக்கு 13 காய். அங்கும் துரத்துவது கூலிதான். ஜெர்மனியில் 2015ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் தொகை 2022 அக்டோபரில் மணிக்கு 12 யூரோ ஆனது.

இலையின் நிறத்திலேயே இருக்கும் காயை இலைக்குள்ளிருந்து தேடிக் கண்டுபிடிக்க ரோபோ இன்னும் திணறலாம். என்றாவது ஒரு நாள் கற்றுக்கொள்ளும். பிஞ்சை வாங்கும் நாடே அதைப் பறித்துக்கொள்ளும் நாள் வந்தால், முக்கால் ஏக்கர்காரரின் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? இதுவரை நடந்த ஆராய்ச்சி முழுக்க, ஆளுக்குக் கூலி கொடுத்து மாளாத பெரிய பண்ணைக்காக நடந்தது. குனிந்து பறிப்பவரின் இடுப்பு வலியைக் குறைக்கும் ஒரு சிறு கருவியை, அவர் வேலையைப் பறிக்காமல் செய்து தருவது அதைவிடச் சுலபமான காரியம். அதற்கு இலக்கு வைத்து உழைக்கத்தான் ஆள் தேவை.