ட்ரான்ஸ்ஃபர் ஆர்டரும் இரண்டு வயசுப் பிள்ளையும்

ஏப்ரல், மே வந்தாலே பேங்க்காரங்க வீட்ல ஒரே பேச்சுதான். "உங்களுக்கு ஆர்டர் வந்தாச்சா?" பள்ளிக்கூடம் போற பசங்க படிப்பு நடு வருஷத்துல கெடக் கூடாதுன்னு மாற்றல்களைக் கோடையிலேயே முடிக்கப் பார்ப்பாங்க. நல்ல எண்ணம்தான். பத்தாவது படிக்கிற பையனுக்காக நிர்வாகம் யோசிக்குது, யூனியன் பேசுது. டயப்பரோட தத்தித் தத்தி நடக்கற பிள்ளையைப் பத்தி மட்டும் யாரும் வாயைத் திறக்கறதில்லை. "ரெண்டு வயசுதானே, அதுக்கு என்ன தெரியும்? எங்கே விட்டாலும் இருந்துக்கும்." இவ்வளவுதான் அதுக்குக் கிடைக்கிற கவனம்.

வீட்ல எல்லாரையும் விட அதிகமா ஆடிப் போறது அந்த ரெண்டு வயசுதான்ங்கறது என் கட்சி. பெரிய பையனுக்கு ஏன் ஊர் மாறுறோம், எப்போ போறோம், ஃப்ரெண்டோட எப்படிப் பேசலாம்னு தெரியும். சின்னதுக்கு ஒண்ணும் தெரியாது. நேத்து இருந்த வீடு இன்னிக்கு இல்லை. அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது.

வழக்கமா நம்ம வீடுகள்ல நடக்கிறதைப் பாருங்க. ஆர்டர் வரும். ஜாயினிங் டைம் ஒரு வாரம். அதுக்குள்ள சாமான் கட்டணும், கேஸ் சிலிண்டரை ஒப்படைச்சு வவுச்சர் வாங்கணும், புது ஊர்ல பேங்க் லீஸுக்கு ஒத்துக்கற ஓனரைத் தேடணும். அந்த ஓனர் நாம கறி மீன் சமைப்போமான்னு விசாரிப்பார். இத்தனைக்கும் நடுவுல பிள்ளை காலைச் சுத்தும். அதனால சுலபமான வழி, "ஊர்ல பாட்டிகிட்ட விட்டுடலாம், வீடு செட் ஆனதும் கூட்டிட்டு வரலாம்." கோடை லீவுக்கு ஏற்கெனவே போட்டு வச்ச ஊர் சுத்தற ப்ளானும் அதோட சேர்ந்துக்கும். சென்னையில அத்தை வீடு, தஞ்சாவூர்ல தாத்தா வீடு, குலதெய்வக் கோயில், கொடைக்கானல்ல ரெண்டு நாள், ஒரு கல்யாணம். மே, ஜூன் ரெண்டு மாசத்துல அந்தக் குழந்தை ஆறு வீட்ல, ஆறு பாயில தூங்கியிருக்கும். கடைசியில ஏழாவதா ஒரு வீட்டைக் காட்டி "இதான் நம்ம வீடு"ன்னு சொல்லுவோம். அது எப்படி நம்பும்?

எங்களுக்கு இது 2024 கோடையில வந்துச்சு. வதோதராவிலிருந்து நாக்பூர். பாப்பாவுக்கு ரெண்டேகால் வயசு. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சுப் பிறந்தவ, அதனால ஆலோசனை சொல்றவங்களுக்குப் பஞ்சமே இல்லை :-) திருநெல்வேலியிலிருந்து அம்மா போன்ல சொன்னாங்க: "ஏட்டி, புள்ளைய இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போ. அந்த வெயில்ல அத வச்சிக்கிட்டு என்ன செய்வ? ஆடியில புது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. ஆடி கழியட்டும், ஆவணியில நல்ல நாள் பாத்து வந்து கூட்டிட்டுப் போயேன்." அம்மா சொன்னதுல பாசம்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு உடனே மனசுல ஓடினது கணக்கு. ஜூன் முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் பத்து வாரம். எழுபது நாள். ரெண்டேகால் வயசுப் பிள்ளைக்கு எழுபது நாள் எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுப் பாருங்க.

"எங்கிட்ட விடு, ரெண்டு நாள் அழும், அப்புறம் பழகிடும்"னு சொல்லுவாங்க. உண்மைதான், அழுகை நிக்கும். பழகினதால நிக்குதா, நம்பிக்கை போனதால நிக்குதாங்கறதுதான் கேள்வி. லண்டன்ல ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர், ஜான் பௌல்பிங்கற மனநல மருத்துவரோட வேலை பார்த்தவர், 1952-ல ஒரு படம் எடுத்தார். லாராங்கற ரெண்டு வயசுப் பொண்ணு ஒரு சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருக்கறதை அப்படியே காட்டற படம். பெரிய ரகளை ஒண்ணும் பண்ண மாட்டா. ரொம்ப அடக்கமா, சமத்தா இருப்பா. அந்தச் சமத்துதான் பார்த்தவங்களைக் கலங்க வச்சது. இப்படிப் பிரிஞ்சிருக்கிற குழந்தை முதல்ல எதிர்க்கும், அப்புறம் சோர்ந்து போகும், கடைசியில ஒட்டாம விலகிடும்னு அவங்க மூணு கட்டமா பிரிச்சாங்க. மூணாவது கட்டத்தைத்தான் வெளியில இருக்கறவங்க "பழகிடுச்சு"ன்னு சொல்றாங்க. அந்த நாள்ல அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்குள்ள ரொம்ப விட மாட்டாங்க. 1959-ல அங்கே வந்த ப்ளாட் கமிட்டி அறிக்கை, தடையில்லாம விடணும்னு சொல்லிச்சு. அதுக்கு வழி போட்டதுல ராபர்ட்சனுக்கும் பங்கு உண்டு.

பாட்டி வீடும் ஆஸ்பத்திரியும் ஒண்ணான்னு சண்டைக்கு வராதீங்க. ஒண்ணு இல்லைதான். பாட்டி மடி பெரிய ஆறுதல். ஆனா என்கூட வேலை பார்த்த ஒருத்தர் பையனை மூணு மாசம் ஊர்ல விட்டிருந்தாங்க. போன் பண்ணும்போதெல்லாம் "அழவே இல்லை, தங்கம்"னு நல்ல சேதிதான் வந்துச்சு. கூட்டிட்டு வரப் போனப்போ அவன் பாட்டி முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சு, யாரோ விருந்தாளியைப் பார்க்கற மாதிரி பார்த்தானாம். பிரிவு அதோட முடியலை. அம்மாகிட்ட ஒட்டறதுக்காக, மூணு மாசம் வளர்த்த பாட்டியைப் பிரியணும். ஒரே கோடையில ரெண்டு தடவை.

அதனால என் சட்டம் ஒண்ணே ஒண்ணு. வீடு மாறலாம், ஊர் மாறலாம், தினமும் ராத்திரி பக்கத்துல படுக்கிற ஆள் மாறக் கூடாது. அம்மாவோ அப்பாவோ, ரெண்டு பேர்ல ஒருத்தராவது கூடவே இருக்கணும்.

நாங்க செஞ்சதைச் சொல்றேன். ப்ளான்ல இருந்த கொடைக்கானலையும் கல்யாணத்தையும் வெட்டினோம். தஞ்சாவூர், திருநெல்வேலி ரெண்டு மட்டும், மூணு பேரும் சேர்ந்தே போனோம். கிளம்பறதுக்கு முன்னாடி பாப்பா எதிர்லயே சாமான் கட்டினோம். லாரி போனதும் காலி வீட்டை ரூம் ரூமா காட்டி டாட்டா சொல்ல வச்சோம். வதோதராவிலிருந்து சென்னைக்கு நவஜீவன்ல கிட்டத்தட்ட 30 மணி நேரம். 5 வயசுக்குள்ள பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனா பெர்த்தும் கிடையாது, அதனால என் பெர்த்துல பாதி அவளுக்கு :-) ஜூன்ல சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறி நாக்பூர்ல இறங்கினப்போ வீட்ல அட்டைப் பெட்டிகள்தான் இருந்துச்சு. ஃபேன் ஓடிச்சு, தண்ணி வந்துச்சு. போதும்.

சுலபமா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஜூன் காலாண்டு முடிவு, கிளையை விட்டு வெளியே வர எட்டு மணி ஆகும். ரங்கமணி லாப்டாப்ல ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவர், பகல் பூரா அவர்தான் பார்த்துக்கிட்டார். மூணு வாரம் தினமும் சாயங்காலம் பாப்பா செருப்பை மாட்டிட்டு வாசல்ல நின்னு "வீத்துக்குப் போலாம்"னா. "நாளைக்குப் போலாம்டா"ன்னு சொல்றது எவ்வளவு லேசு! நாங்க சொல்லலை. "அந்த வீடு பூட்டியாச்சு. நம்ம கட்டில் இங்கே, நம்ம குக்கர் இங்கே, அம்மா அப்பா இங்கே"ன்னு தினமும் அதையே சொன்னோம். அழுவா. அழட்டும், என் தோள்லதானே அழறா. அவளுக்கு முதல்ல பிடிபட்டது குக்கர்தான். அதே பழைய குக்கர், அதே விசில். "ஒண்ணு"ன்னு எண்ணினா. அன்னிக்கு எனக்கு பாதி பாரம் இறங்கிடுச்சு.

உங்க வீட்ல இந்தக் கோடையில மாற்றல்னா இதை யோசிங்க:

1. புது வீட்டுக்குன்னு புதுசா வாங்கித் தள்ளாதீங்க. பழைய போர்வை, பழைய தட்டு, பழைய வாளி முதல் பெட்டியில இருக்கட்டும். அதைத் துவைக்கக்கூட வேண்டாம்.

2. தடுப்பூசி அட்டை லாரியில போகக் கூடாது, உங்க கைப்பையில வரணும். 16-லிருந்து 24 மாசத்துக்குள்ள போடற பூஸ்டர் ஊசிகள் இந்த அலைச்சல்லதான் விட்டுப் போகும்.

3. திரை, சோஃபா, இன்டர்நெட் இல்லைன்னு பிள்ளையை நிறுத்தி வைக்காதீங்க. பால்கனி கிரில் இல்லைன்னா நிறுத்துங்க. வடக்கே தகர கூலர் வைக்கிற ஊர்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்த்த பிறகு கூட்டிட்டுப் போங்க. தண்ணியும் கரண்டும் ஒரே தகர டப்பாவுல இருக்கு.

4. வந்த முதல் வாரமே ப்ளே ஸ்கூல்ல போடாதீங்க. ஒரு புது இடம் அடங்கட்டும்.

5. ரயில் டிக்கெட் 2024 நவம்பர்லேர்ந்து 60 நாளுக்கு முன்னாடிதான் எடுக்க முடியுது. ஏப்ரல்லயே ஊர் சுத்தற டிக்கெட் எல்லாத்தையும் போட்டுட்டு, அதுக்காக பிள்ளையை இழுத்துட்டு அலையாதீங்க. கேன்சல் சார்ஜ் கொஞ்சம்தான் போகும்.

எல்லாராலும் முடியாதுன்னு தெரியும். வீடே கிடைக்காத கிராமத்துக் கிளைக்கு அனுப்பினா என்ன செய்யறது? ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல வேலைன்னா? அப்பவும் ஒருத்தர் லீவு போட்டு பிள்ளையோட ஊர்ல இருங்க, இல்லைன்னா பாட்டியைப் புது ஊருக்குக் கூட்டிட்டு வாங்க. பெரியவங்களுக்கு ஏன் வந்தோம்னு தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. எங்கம்மா மழை விழுந்து நாக்பூர் குளிர்ந்த பிறகு ஜூலையில வந்தாங்க. வந்த அன்னிக்கே, "ஆடி பொறக்குமுன்ன வந்துட்டேன் பாத்தியா"ன்னாங்க. பேத்தி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் "எங்க வீது"ன்னு ஒவ்வொரு ரூமா காட்டினா.