ஊர் மாறும் முதுமை, மொழி கிட்டாத மருத்துவம்

புலம்பெயர்வு என்றதும் பிழைப்புத் தேடிச் செல்லும் இளைஞரே நம் நினைவுக்கு வருகின்றனர். அறுபதைக் கடந்தபின் பிள்ளைகளின் நகரத்துக்கு இடம்பெயரும் பெற்றோரைப் பற்றிய பேச்சு குறைவு. வாழ்க்கைத் துணையின் மறைவு, பேரக்குழந்தையின் வளர்ப்பு, அறுவைச் சிகிச்சை எனக் காரணங்கள் பல. மதுரையிலிருந்து புனேவுக்கும் கட்டாக்கிலிருந்து பெங்களூருக்கும் வந்து சேரும் இம்முதியோருக்குப் பெரிய மருத்துவமனை அருகில் கிடைக்கிறது. அங்கே தம் நோயைத் தாமே எடுத்துரைக்கும் வாய்ப்பு பறிபோகிறது.

குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல் என ஒரு தமிழ் மூதாட்டி பிரித்துரைக்கும் துன்பம், மகன் வாய்வழி மருத்துவரை எட்டுகையில் ‘வலி’ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகிறது. சிறுநீர்க் கசிவையும் மனச்சோர்வையும் மகன் முன்னிலையில் சொல்ல அவருக்கு நா எழுவதில்லை. மறதிநோய்க்கான சோதனைகளோ பெரிதும் மொழியையே சார்ந்தவை. பழகாத மொழியில் கேட்கப்படும் வினாவுக்கு விடை தராத ஒருவரை நினைவு தவறியவராகக் கருதும் அபாயம் அங்கே உண்டு. உண்மையான மறதிநோயை ‘மொழி தெரியாத தயக்கம்’ என்று குடும்பம் தள்ளிவிடும் அபாயமும் அதற்கிணையானதே.

புதிய மொழியைக் கற்றுக்கொள்ளலாமே என்பர். ஐதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழியாளருக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் பிந்தித் தொடங்கியதாகக் காட்டிற்று. எழுத்தறிவற்றோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆனால் அந்நகரத்தார் கடையிலும் தெருவிலும் பணியிடத்திலும் அன்றாடம் இருமொழி புழங்கியவர்கள். பகலெல்லாம் பூட்டிய அடுக்குமாடி வீட்டில் தனித்திருப்பவருக்கு இரண்டாம் மொழி வாய்ப்பதில்லை. முதல் மொழியில் பேசவும் ஆளில்லை.

எழுபது வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி 2024இல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மாநில எல்லை கடந்தும் செல்லுபடியாகிறது. வேற்று மாநிலத்தில் மருத்துவம் பெறுவோர் இருப்பர் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. அவ்வாறாயின் நோயாளியின் பதிவில் தாய்மொழியைக் குறிப்பதும், தொலைபேசி வழியிலாவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும், நினைவாற்றல் சோதனையைத் தாய்மொழியிலேயே நடத்துவதும் அதன் அடுத்த படிகளாக வேண்டும். இவை சலுகைகள் அல்ல. சரியான நோயறிதலுக்கு இன்றியமையாதவை.

பிள்ளைகளுக்கும் கடமை உண்டு. பெற்றோரை அழைத்துவரும் முன், அங்கே அவர்கள் யாரோடு பேசுவார்கள் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.