காயம் பட்ட வீரரைத் தேடி வரும் ஸ்கேன் லாரி!

குண்டு வெடிக்கிறது. போர் வீரர் ஒருவர் தூக்கி எறியப்படுகிறார். சிறிது நேரத்தில் எழுந்து உட்காருகிறார். தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். மேலுக்குப் பெரிய காயம் இல்லை. "பிழைத்துக் கொண்டார்!" என்று தோழர்கள் மகிழ்கிறார்கள்.

சில மணி நேரம் கழித்து அவர் மயங்கி விழுகிறார். பிறகு கண் விழிப்பதே இல்லை!

காரணம் என்ன? மண்டை ஓட்டுக்குள் ரத்தக் குழாய் அறுந்து இருந்தது. கசிந்த ரத்தம் மூளையை அழுத்திவிட்டது.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். குண்டுச் சிதறல் தெரியும். மூளையில் கட்டிய ரத்தம் தெரியாது. அதைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். உடம்பைச் சுற்றிலும் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, ரொட்டியைத் துண்டு போட்டது போல உள்ளே இருப்பதைப் படம் படமாகக் காட்டும். இதை உருவாக்கிய இங்கிலாந்து நிபுணர் ஹவுன்ஸ்பீல்டு, 2-ம் உலகப் போரின்போது விமானப் படையில் இருந்தவர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-ல் அவருக்கும், கார்மக் என்ற விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், கருவி நகரத்தில் இருக்கிறது. வீரர் போர்முனையில் கிடக்கிறார். என்ன செய்வது?

மேரி கியூரி காட்டிய வழி

இந்தக் கேள்விக்கு 1914-லேயே ஒரு பெண் விடை கண்டார். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரிதான் அவர். முதல் உலகப் போர் மூண்டதும், எக்ஸ்ரே கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றி, பிரான்சின் போர்முனைக்கே கொண்டு போனார். வண்டியின் என்ஜினைக் கொண்டே மின்சாரம் எடுத்தார். 17 வயது மகள் ஐரீனும் உடன் உழைத்தார்.

அன்று எக்ஸ்ரேக்குச் செய்ததை இன்று ஸ்கேனுக்குச் செய்ய முடியாதா? முடியும். ஆப்கானிஸ்தான் போரின்போது, பாலைவனத்தில் இருந்த "கேம்ப் பாஸ்டியன்" பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் இருந்தது. லாரியில் ஏற்றிச் செல்லும் ஸ்கேன் கருவிகளும் வந்துவிட்டன. படம் சில விநாடிகளில் கிடைக்கும். தொலைவில் உள்ள நிபுணருக்கும் அதை உடனே அனுப்பலாம்.

ஸ்கேன் மட்டும் போதுமா?

போதாது. கால் அறுந்து ரத்தம் கொட்டுகிறவருக்கு முதலில் கட்டுப் போட வேண்டும். படம் பிறகுதான். படத்தைப் பார்த்து ஆபரேஷன் செய்ய டாக்டர் பக்கத்திலேயே வேண்டும். ஆகவே, குண்டு விழும் இடத்தில் ஸ்கேன் லாரியை நிறுத்துவதால் பயன் இல்லை. காயம் பட்டவருக்கு முதன்முதலில் ஆபரேஷன் நடக்கும் முகாமில் அது நிற்க வேண்டும்.

"செலவு அதிகம் ஆகுமே!" என்று சிலர் சொல்லலாம். டாங்கிக்கும் பீரங்கிக்கும் ஆகும் செலவை யாரும் தடுப்பது இல்லை. டாங்கி போகிற பாதையில் ஸ்கேன் லாரியும் போகட்டும்!

போருக்கு அனுப்பிய நாடு, வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு மகனைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டு இருக்கிறது.